கம்பெனி எஞ்சினா, கட்டின எஞ்சினா?

சிங்காநல்லூர்ல ஒரு பட்டறை. அங்க குருவுக்கு வயசு முப்பத்தி நாலு. சிஷ்யனுக்கு நாப்பத்தி ஏழு.

சிஷ்யன் பேரு கிட்டுச்சாமி. இருபது வருஷம் லாரி எஞ்சினைப் பிரிச்சு மாட்டின கை. வாய் அந்தக் கையைவிட வேகம். டர்போ காருங்களுக்கு கம்பெனி குடுத்ததுக்கு மேல சக்தி ஏத்தற வித்தையக் கத்துக்கணும்னு சுகந்திகிட்ட வந்து சேந்து மூணு வருஷம். குருவை அம்மிணின்னு கூப்பிடுவாரு. குரு அவரை அண்ணான்னு கூப்பிடுவா. ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரு டீ குடிச்சதில்ல.

ஒரு திங்கக்கிழமை காலைல எஸ்தர் டாக்டர் வந்தாங்க. மாட்டு டாக்டர். வாரத்துல அஞ்சு நாள் வால்பாறை மலை ஏறி எறங்கறவங்க. அவங்க வண்டி டர்போ கார்தான், ஆனா நூத்தி இருபது ஹார்ஸ்பவர்.

"எனக்கு நூத்தி எண்பது வேணுங்க. கிட்டுச்சாமின்னு ஒருத்தரு இருக்காராமே, அவர்கிட்டதான் குடுப்பேன்."

பட்டறைக்கு வந்து பேர் சொல்லி அவரை ஒருத்தர் கேட்டது அதுதான் மொதல் தடவை. கிட்டுச்சாமி நெஞ்சு சட்டைப் பட்டனைத் தெறிக்க வெச்சிருக்கும்.

"உள்ள இருக்கறதையெல்லாம் தூக்கிக் கடாசிட்டு புதுசாக் கட்டிரலாங்க டாக்டர். பிஸ்டன், கனெக்டிங் ராடு, எல்லாமே காய்ச்சி அடிச்ச ஐட்டம்."

"மூணு மணிக்கு வாங்க டாக்டர்," சுகந்தி குறுக்க விழுந்தா. "அப்ப சொல்றோம்."

டாக்டர் வண்டிய விட்டுட்டுப் போனாங்க. கிட்டுச்சாமி திரும்பினாரு.

"எதுக்கு மூணு மணி? நான்தான் சொல்லிட்டனே."

"நீங்க சொல்லிட்டீங்க. எஞ்சின் இன்னும் சொல்லலீங்களே."

"இந்தச் சாமியார் பேச்செல்லாம் வேற ஆளுகிட்ட வெச்சுக்கங்க அம்மிணி. கம்பெனி எஞ்சினா, கட்டின எஞ்சினா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க."

"கட்டினா, மலைல காலைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டன் சூடாகற வரைக்கும் தகரம் தட்டற மாதிரி சத்தம் வரும். ஆயில் குடிக்கும். சீக்கிரமே திரும்பப் பிரிக்கணும்."

"பிரிப்பேன். என் எஞ்சினை நான் பிரிக்க மாட்டனா?"

"அது டாக்டர் எஞ்சினுங்ணா."

அவ்வளவுதான். கிட்டுச்சாமிக்குக் காது மடல் வரைக்கும் செவந்துருச்சு.

"போன மாசம் நீங்க ஒண்ணு கட்டினீங்களே, அது மட்டும் என்ன? நீங்க கட்டினா வித்தை. கிட்டுச்சாமி கட்டினா கிறுக்கு. அப்படித்தான? மூணு வருஷமா போல்ட் முறுக்கறேன், ஒரு எஞ்சின் என் கைக்கு வந்துதா? பீளமேட்டுல ஒரு பட்டறைல வா வான்னு கூப்பிடறான். இன்னிக்கு இந்த எஞ்சின் எனக்கில்லீன்னா, டூல் பாக்ஸைத் தூக்கிட்டு நான் போயிட்டே இருப்பேன்."

சுகந்தி கோபப்படலை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

"இந்த கம்பெனி எஞ்சின் எத்தனை ஹார்ஸ்பவர்ல முறியுங்ணா?"

"இருநூத்தி இருபது."

"யார் சொன்னா?"

"போன்ல ஒரு வெள்ளைக்காரன் வீடியோ போட்டிருக்கான்."

"அவன் நம்மூரு பங்க்ல பெட்ரோல் போட்டானா? நம்மூரு வெயில்ல ஓட்டினானா?"

கிட்டுச்சாமி போனை எடுத்து அந்த வீடியோவைத் தேட ஆரம்பிச்சாரு.

சுகந்தி வெளிய போயி தன் காரை எடுத்துட்டு வந்தா. டாக்டரோட மாடல்தான், அதே எஞ்சின். தரையில பதிச்ச உருளை மேல ஏத்தி நிறுத்தினா. வண்டி நின்ன எடத்துல ஓடும், உருளை எத்தனை ஹார்ஸ்பவர்னு சொல்லிரும். அப்புறம் எஞ்சின் பிளாக்குல ஒரு செம்புக் குழாயை போல்ட் போட்டு முறுக்கினா. குழாய்ல இருந்து ரப்பர் ஹோஸ். ஹோஸ் முனையில ஒரு காதுமூடி.

"ஏறி உக்காருங்ணா. இதைக் காதுல மாட்டுங்க. உள்ள நடக்கறது உங்களுக்குக் கேக்கும். நான் லேப்டாப்புல டர்போ காத்தைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தறேன். நீங்க முழுசா மிதிங்க."

"எதுவரைக்கும்?"

"முறியற வரைக்கும்."

"உங்க வண்டி அம்மிணி."

"ஆமா. ஏழு வருஷமா ஓடுது, உள்ள ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்ல. நீங்க முறிச்சிட்டா நாளைல இருந்து நான் பஸ்ல வர்றேன். டாக்டர் எஞ்சினை நீங்களே கட்டிக்கங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கிட்டுச்சாமி இந்த மாதிரி பந்தயத்தை விடற ஆளா? ஏறி உக்காந்தாரு. மிதிச்சாரு.

நூத்தி நாப்பது. நூத்தி அறுபது. நூத்தி எண்பது. எஞ்சின் சும்மா பாடுது. இந்தப் பாழாப்போனது முறிஞ்சு தொலைய மாட்டேங்குதேன்னு பல்லைக் கடிச்சாரு. நூத்தி தொண்ணூறு. நூத்தி தொண்ணூத்தி ஏழு.

இருநூத்தி மூணு.

ஒரே ஒரு சத்தம். சட்டியில ஒத்தக் கடுகு வெடிச்ச மாதிரி.

கிட்டுச்சாமியோட கால் பெடலை விட்டு மேல வந்துருச்சு. அவரு எடுக்கலை. அதுவா வந்துது.

உருளை சுத்தி ஓஞ்சுது.

"ஏண்ணா எடுத்துட்டீங்க?"

"அதுக்கு வலிக்குது."

"லேப்டாப்புல ஒண்ணும் காட்டலீங்களே."

"உங்க லேப்டாப்புக்குக் காது இருக்குதா? எனக்குக் கேட்டுது."

"இன்னும் ரெண்டு செகண்டு மிதிச்சிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"தெரியுது!" காதுமூடியக் கழட்டி சீட் மேல எறிஞ்சாரு. "ஜெயிக்கறதுக்காக நல்ல எஞ்சினைக் கொல்றதா? எந்த மடையன் மிதிப்பான்?"

"நான் மிதிச்சேன்," சுகந்தி சொன்னா. "மூணு எஞ்சினைக் கொன்னேன். அப்புறந்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுது."

கிட்டுச்சாமி வண்டிய விட்டு எறங்கினாரு. செம்புக் குழாயை அவரே கழட்டி, டாக்டர் வண்டில அவரே முறுக்கினாரு. மத்தியானச் சோத்துக்குக்கூடப் போகலை. ஏத்தறதும் கேக்கறதும், ஏத்தறதும் கேக்கறதுமா மூணு மணி வரைக்கும் அந்த எஞ்சினை விட்டு நகரலை.

டாக்டர் வந்தாங்க. கிட்டுச்சாமி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னாரு.

"நூத்தி எண்பது ஏத்தியாச்சுங்க. கம்பெனி எஞ்சின்லயே. இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் தர மாட்டேன். இருநூறு தாண்டணும்னு ஆசை வந்தா அன்னிக்கு வாங்க. உங்களுக்கு நான் கட்டறேன்."

டாக்டருக்கு மொகம் சுருங்கிருச்சு.

"உள்ள எதையுமே மாத்தலீங்களா?"

"இல்லீங்க."

"எஞ்சினைச் செஞ்சது கம்பெனிக்காரன். டர்போவை ஏத்தினது லேப்டாப்பு." டாக்டர் சுகந்தி பக்கம் திரும்பினாங்க. "அப்ப இந்த அண்ணன் எதுக்குங்க?"

கிட்டுச்சாமியும் சுகந்தியைத் திரும்பிப் பாத்தாரு.

சுகந்தி கையத் தொடச்சுட்டே சொன்னா:

"முறியறதுக்கு முன்னாடி நிறுத்தறதுக்குங்க."