ராஜாவுக்கு ஒரு மலை வேணும்

ஒரு காலத்தில் செங்கழனி என்ற நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசில் ஒன்று தோன்றினால் அது நாக்குக்கு வந்து சேர நேரமே ஆகாது. சபை கூடினால் முதல் ஆளாக அவரே பேசிவிடுவார். அவர் பேசி முடித்ததும் அங்கே இருக்கிற அத்தனை தலையும் காற்றடிச்ச நாணல் மாதிரி ஒரே பக்கம் சாயும்.

ஒரு தடவை பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனார். அங்கே அரண்மனைக்குப் பின்னால் ஒரு மலை நின்றது. ஊர் திரும்பினதும் முதல் வேலையாகச் சபையைக் கூட்டி, "நமக்கும் ஒரு மலை வேணும். மண்ணைக் கொட்டிக் கட்டிட்டாப் போச்சு! ஆம்பிளைங்க எல்லாரும் கூடை மண்வெட்டியோட வரட்டும்" என்றார்.

அதுவோ அறுப்புக் காலம். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. ஆளெல்லாம் மண் சுமக்கப் போய்விட்டால் நெல்லை யார் அறுப்பது? வயலிலேயே உதிர்ந்து போகும். அப்புறம் வருஷம் பூரா பிள்ளைகுட்டிகளுக்கு எதைப் பொங்கிப் போடுவது?

இது சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பராங்குசம் என்கிற சபைப் பிரமுகர் முதலில் எழுந்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவர். அமைச்சர் பதவி மேலே அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"ஆஹா! அரசே, நம்ம சூரியனுக்கே மறையறதுக்கு ஒரு மலை இல்லாம எத்தனை கஷ்டம்!"

"அருமையான யோசனை" என்றார் தளபதி மழவராயர்.

"நானும் அதையேதான் நினைச்சிட்டு இருந்தேன்" என்றார் பொக்கிஷக்காரர்.

அமைச்சர் சிங்காரவேலர் ஒருத்தர்தான், "அறுப்பு முடியட்டுமே அரசே" என்றார்.

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இத்தனை பேருக்குத் தோணாதது உமக்கு மட்டும் தோணிடுச்சோ?"

"அமைச்சருக்கு முட்டிவலி அரசே. மலை ஏறணுமேன்னு இப்பவே பயம்" என்று பராங்குசம் எடுத்துக் கொடுக்க, சபையே சிரித்தது.

"சரி அமைச்சரே, நாளைக்குச் சபையில ஒருத்தராவது உம்ம பக்கம் பேசட்டும். இல்லேன்னா முத்திரை மோதிரத்தைக் கழற்றி வெச்சுட்டு நடையைக் கட்டும்!"

வெளியே வந்ததும் தளபதி ஒரு தூண் மறைவில் அமைச்சரின் கையைப் பிடித்தார். "ஐயா, என் வயலே சாஞ்சு கிடக்குது. வயிறு எரியுது."

"அதை உள்ளே சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாரும் ஆஹாங்கிறப்ப நான் மட்டும் எப்படிங்க?"

அவர் போனதும் பொக்கிஷக்காரர் வந்து அதே பாட்டைப் பாடினார். இப்படியே இன்னும் சிலர். ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் இப்படி நினைக்கிறதாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அமைச்சர் நேரே ராஜாவிடம் போனார். "அரசே, போகப்போற கிழவனுக்கு ரெண்டு ஆசை. மலை விஷயத்தை மறுபடி ஒரு தரம் யோசிங்க. நாளைக்கு எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"யோசிக்கிறேன். ஆனா வாயை மூடிட்டு உட்கார என்னால ஆகாதய்யா!"

"அதுக்கு வழி என்கிட்ட இருக்கு."

மறுநாள் அமைச்சர் தானே வெற்றிலை மடித்தார். மடிப்பா அது? கொழுக்கட்டை! ராஜா அதை வாயில் அடக்கினதும், சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்கிற குழந்தை மாதிரி இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டது.

"சபையோரே! அரசர் மலை விஷயத்தை மறுபடி யோசிச்சிருக்காங்க. தன் முடிவைச் சொல்றதுக்கு முன்னால உங்க மனசைக் கேட்கணும்கிறாங்க" என்றார் அமைச்சர்.

சபையில் எல்லாருக்கும் குழப்பம். மறுபடி யோசித்தாரா? அப்படியென்றால் முடிவு மாறிவிட்டதா, மாறவில்லையா? எல்லாரும் ராஜாவின் முகத்தையே பார்த்தார்கள்.

ராஜா மென்றார். மெல்ல மெல்லத் தலை மேலும் கீழும் ஆடியது. பராங்குசம் குதித்து எழுந்தார். "மலை கட்டாயம் வேணும் அரசே! வானத்தை முட்டணும்!"

சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல். ராஜாவுக்கு நாக்கு பொத்துவிட்டது. முகத்தைச் சுளித்துத் தலையை இப்படியும் அப்படியும் உதறினார்.

"ஆனா... முட்டக்கூடாது! மலை எதுக்கு அரசே? சமதரைக்கு உள்ள அழகு அதுக்கு வருமா?"

சாறு வழியப் பார்த்தது. ராஜா மோவாயை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"இருந்தாலும் சின்னதா ஒரு மேடு..."

"ம்ம்ஹூம்!" என்று ராஜா எச்சில் துப்பும் படிக்கத்தைத் தேடிக் கையை நாலாபக்கமும் வீசினார்.

"மேடும் இல்லாம, பள்ளமும் இல்லாம, நாலு பக்கமும் பரந்து..." பராங்குசத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

பார்த்துக்கொண்டிருந்த தளபதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த முகத்தை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று ஆனதும், மனசில் இருந்ததுதான் வாயில் வந்தது. "அரசே, நெல்லு வீடு வந்து சேரட்டும். பசியோட இருக்கிறவனுக்கு மலை எதுக்கு?"

"எனக்கும் அதேதான்!" என்றார் பொக்கிஷக்காரர். "எனக்கும்", "எனக்கும்" என்று சபை முழுக்கக் குரல் எழும்பியது. ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்து, 'அட, நீயுமா?' என்று வாய் பிளந்தார்கள்.

ராஜா துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஏன்யா மழவராயரே, இதை நேத்து சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க முதல்லயே சொல்லிட்டீங்களே அரசே."

ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம், "இத்தனை வருஷமா உங்ககிட்ட யோசனை கேட்கிறதா நினைச்சு, என் குரலையேதான் கேட்டுட்டு இருந்தேனா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். "கூடையைப் போடுங்க, அரிவாளை எடுங்க. இனிமே இந்தச் சபையில கடைசியாப் பேசறவன் நான்தான்" என்று உத்தரவு போட்டார்.

பராங்குசம் நைசாக நழுவப் பார்த்தார்.

"ஓய், எங்கே போறீர்? இன்னையிலேருந்து உம்ம இடம் என் சிங்காசனத்துக்குப் பின்னால. என் முதுகைப் பார்த்துக்கிட்டே யோசனை சொல்லும்."

அறுப்பு முடிந்து அடுத்த சபை கூடியது. முதல் கேள்வியே பராங்குசத்துக்குத்தான். சிங்காசனத்துக்குப் பின்னாலிருந்து அவர் கழுத்தை நீட்டினார். எட்டி எட்டிப் பார்த்தார், முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பாவம், ஆயுசில் முதல் தடவையாகத் தானே யோசிக்க வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் சபை பொறுமையாகக் காத்திருந்தது.

அங்கே நெல் வீடு சேர்ந்தது, இங்கே என் கதையும் வந்து சேர்ந்தது.