வேட்டைக்குப் போன எடைக்கல்

எனக்குத் துரோகம் செய்தவன் கோட்டைக் காவல் தலைவன் சங்கிலிமாடன். கருவாடு நிறுக்க என்னிடம் இருந்தது ஒரே எடைக்கல். ஒரு ராத்தல், உருண்டை இரும்பு. ஒரு நாழிகையில் தருகிறேன் என்று வாங்கிப் போனான்.

அந்த வாரம்தான் கப்பல்காரர்கள் கோட்டைக்கு ஒரு சின்னப் பீரங்கி கொடுத்திருந்தார்கள். பெயர் பால்கனெத். அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கக் கூட வந்த துபாஷி விளக்கம் சொன்னார். அவர்கள் பாஷையில் பால்கன் என்றால் வல்லூறு. பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 'எத்' குட்டி என்று காட்ட. சின்னதாக இருந்துகொண்டு வேகமாகப் பாய்வதால் குட்டி வல்லூற்றின் பெயரைப் பீரங்கிக்கும் வைத்துவிட்டார்களாம்.

"வேட்டை வல்லூற்றைப் பார்த்துக்கொள்வது போல இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார்.

அப்படியே பார்த்துக்கொண்டார்கள். வேட்டைப் பறவைக்குக் கண்ணை மூடுவார்களே என்று பீரங்கியின் வாய்க்குத் தோல் குல்லா மாட்டினார்கள். பட்டினி போட்டால்தான் பாயும் என்று மூன்று நாள் வெடிமருந்தைக் கண்ணில் காட்டவில்லை. நாலாம் நாள் காலையில் குண்டு இல்லாதது தெரிந்தது. என் எடைக்கல்லை உள்ளே போட்டுச் சுட்டார்கள். அது கடலுக்கு மேலே போய் மறைந்தது.

நான் ஓடிப்போனபோது சங்கிலிமாடன் இடக்கையில் சாக்கைச் சுற்றி, அதன் மேல் ஆட்டுக்கறி வைத்து, கடலைப் பார்த்து நின்றான்.

"என் கல் எங்கேடா?"

"வேட்டைக்குப் போயிருக்கு, அண்ணாச்சி. கறியைப் பார்த்தா கைக்குத் திரும்பும்."

பக்கத்தில் நின்ற காவல்காரன் உடையாண்டி ஒப்பவில்லை. கருவாட்டுக் கடையில் வளர்ந்த கல் ஆட்டுக்கறிக்கு எப்படி வரும் என்று கேட்டான். எல்லோரும் யோசித்து அவன் பக்கம் சாய்ந்தார்கள். என்னிடமே ஒரு ராத்தல் நெத்திலி கேட்டார்கள். நிறுக்கக் கல் இல்லையே என்றேன். அது வந்ததும் நிறுத்துக்கொள்ளலாம் என்றான் சங்கிலிமாடன். கூடையோடு தூக்கிப் போனார்கள்.

எட்டு நாள் ஆயிற்று. நெத்திலிதான் தீர்ந்தது. கடையை மூடிவிட்டு மறுபடி போனேன்.

"உங்க கல்லு ஆணா பெட்டையா, அண்ணாச்சி?" என்றான் உடையாண்டி.

நான் பார்த்ததில்லை.

"பெட்டைதான். எங்கேயோ அடைகாக்குது. வரும்போது அரை ராத்தல், கால் ராத்தல்னு குஞ்சுகளோட வரும். எல்லாம் உங்களுக்கே."

அரை ராத்தல் கல் எனக்கு வெகுநாளாகத் தேவை. ஆனாலும் குஞ்சைக் காட்டி என்னை ஏமாற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தாய்க்கல் என் கைக்கு வந்தாக வேண்டும். இன்னும் வரவில்லை.