நேர்ந்துவிட்ட ஒன்பது மாடுகள்

மலையடிவாரத்து மடத்தில் மாசிலாமணிக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பது. ஊரார் குருவை அம்மா என்றார்கள். மாசிலாமணியும் அப்படியே அழைத்தார். வயது வித்தியாசம் அவரை ஒருநாளும் உறுத்தியதில்லை. உறுத்தியது ஓடைதான்.

மடத்துக்குக் குடிதண்ணீர் தரும் ஓடை அந்தச் சித்திரையில் சேறாகிக் கிடந்தது. கரையோரம் முழங்கால் உயரம் நின்ற புல் கட்டாந்தரையாகிவிட்டது. காரணம் யாரென்பதில் மாசிலாமணிக்குச் சந்தேகமே இல்லை. தினமும் உச்சிவேளைக்கு மாட்டுக்காரி ஒச்சாயி அறுபது மலைமாடுகளைப் பத்திக்கொண்டு வருவாள். துறையில் தண்ணீர் காட்டுவாள். வந்த சூட்டோடு மலையேறிவிடுவாள். அறுபது மாடு, இருநூற்று நாற்பது குளம்பு. வேறென்ன சாட்சி வேண்டும்? கருவேல முள்ளை வெட்டிப் போட்டுத் துறையை அடைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒச்சாயி கம்போடு தனியாக வந்து நின்றாள்.

“அம்மா, வாயில்லாத சீவன் குடிக்கிற தண்ணியில முள்ளு போட்ட மகராசன் யாரு?”

“நான்தான்,” என்றார் மாசிலாமணி. “ஓடையைப் பாழாக்கிட்டு வாய் வேறயா?”

“அடுத்த தண்ணிக்கு நாலு மைலு, சாமி. சினை மாடு ஒண்ணு நேத்து பாதி வழியில படுத்திருச்சு. இன்னும் எந்திரிக்கல. குடத்துல சுமந்து ஊத்திட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டுக் கம்பைத் தரையில் ஊன்றி நின்றாள்.

“அதுக்கு மடம் சேத்துத் தண்ணியைக் குடிக்கணுமா? நீங்களே சொல்லுங்கம்மா,” என்று மாசிலாமணி குருவிடம் முறையிட்டார்.

அம்மா ஓடைக்கு நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

முள்வேலிக்கு உள்ளே, கரையோர ஈரத்தில், மடத்து மாடுகள் ஒன்பதும் சாவகாசமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பக்தர்கள் மடத்துக்கு நேர்ந்துவிட்டவை. அவற்றின் மேல் யாரும் கம்பு ஓங்கக் கூடாது, எங்கே மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. காலையில் மாசிலாமணியே மஞ்சள் குங்குமம் வைத்து வணங்குவார். பிறகு மடத்துப் பக்கமாக ஓடைக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை அவை ஏறுவதில்லை. துளிர்க்கிற புல்லைத் துளிர்க்கத் துளிர்க்கத் தின்றுகொண்டிருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாசிலாமணிக்குத் தெரியாமல் போனது ஒன்பது முதுகு.

அம்மா தரையைக் காட்டினார்.

“வேலி போட்டு எத்தனை நாளாச்சு?”

“மூணு நாள்மா.”

“இந்தச் சாணி எப்பப் போட்டது?”

சாணியில் ஈரம் காயவில்லை.

“இன்னைக்கு.”

“இந்தக் குளம்புத் தடம்?”

தடத்தில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அம்மா ஒச்சாயியிடம் திரும்பினார். “முள்ளை எடுத்துப் போடு. உன் மாடு எப்பவும்போலக் குடிச்சிட்டுப் போகட்டும். போகும்போது இந்த ஒன்பதையும் மலைக்குப் பத்திக்கிட்டுப் போ. சண்டித்தனம் பண்ணினா ரெண்டு போடு.”

மாசிலாமணி பதறிப்போனார். “நேர்ந்துவிட்ட மாடும்மா. கம்பு பட்டா அந்தப் பாவம் யாருக்கு?”

அம்மாவின் குரல் அன்றைக்குத்தான் முதன்முதலாக உயர்ந்தது.

“இவ மாட்டை மூணு நாளாத் தாகத்தோட நடக்கவிட்டீங்களே மாசிலாமணி, அதை எந்தச் சாமிக்கு நேர்ந்துக்கிட்டீங்க?”