கிணற்றுக்குள் வந்த கடல்

கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டது. கிணறு உப்பாகிவிட்டது. அவ்வளவுதான்.

அது மடத்துக் கிணறு. அந்த மீனவக் குப்பத்துக்கு வேறு நல்ல தண்ணீர் கிடையாது.

கடல் வந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். புயல் கரைக்கு வரவில்லை. மழையும் தரவில்லை. தூரத்திலேயே போய்விட்டது. துறைமுகத்துக் காற்றழுத்தக் கருவியில் முள் அதுவரை போகாத இடத்துக்கு இறங்கியது என்றார்கள். காதில் பஞ்சு வைத்ததுபோல் ஊர் அடங்கிக் கிடந்தது. பிறகு கடல் பால் பொங்குவதுபோல் சத்தமில்லாமல் எழும்பி, மணல்மேட்டைத் தாண்டி நடந்து வந்தது. மடத்து முற்றத்தில் மீன்கள் துளசிச் செடியைச் சுற்றின. கட்டுமரம் ஒன்று வாசலில் வந்து விருந்தாளிபோல நின்றது. மத்தியானம் எல்லாம் திரும்பிப் போயின. கிணறு மட்டும் உப்பைப் பிடித்துக்கொண்டது.

கிணற்றுச் சுவரை உயர்த்தச் சொல்லி மடத்தின் குருவான மடத்தம்மா முன்பே சொல்லியிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டவர் சீடர் சித்திரவேலு. படகு எஞ்சின் பழுது பார்த்தவர். குருவைவிட மூத்தவர். எதையும் கையால் சரிசெய்துதான் பழக்கம்.

இறைக்க ஆரம்பித்தார். இறைக்க இறைக்க உப்பு கூடியது. குடத்தோடு வந்த செல்லக்கிளி ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"மெக்கானிக் சாமி, இனிமே உங்க கிணத்துல வலை போடலாம் போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இப்படியே இருந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஊருக்குப் போகவேண்டியதுதான் என்றும் சொன்னாள். பாதி வீடுகளில் இதே பேச்சு.

சித்திரவேலு உள்ளே போனார். கடலுக்கு நம் மேல் என்ன கோபம் என்று கேட்டார்.

மடத்தம்மா பஞ்சு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். அமுங்கிக் கிடந்த பஞ்சு மெல்ல மேலே வந்தது.

"இந்தப் பஞ்சுக்கு உங்க மேல கோபமா?"

சித்திரவேலு மெத்தையைப் பார்த்தார்.

"காத்து லேசாச்சு. கடல் எழும்புச்சு. நீங்க கயித்தை விடுங்க."

"நான் விட்டா யாரும்மா சரி பண்றது?"

"உக்கார ஆள் வரும்."

புரியவில்லை. கயிற்றைச் சுருட்டி மாட்டினார். கை சும்மா இருக்கவில்லை. கிணற்றுச் சுவரை இடுப்புயரத்துக்குக் கட்டினார். அதுவும் முடிந்தபின், பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமந்துவந்து வீடு வீடாக வைத்தார். செல்லக்கிளி வீட்டில் முதல் குடம். ஆண்பிள்ளை தலையில் குடமா என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும்.

ஐப்பசி பிறந்தது. வானம் திறந்தது. இரவும் பகலும் ஒன்றாய்க் கலந்து, மடமே தண்ணீருக்குள் தூங்குவதுபோல் இருந்தது.

வானம் வெறித்த காலையில் செல்லக்கிளி வந்தாள். வாளியை மெதுவாக இறக்கி மேல்தண்ணீரை மட்டும் மொண்டாள். குடித்தாள். துப்பவில்லை. குழந்தைக்கும் புகட்டினாள்.

சித்திரவேலு உள்ளே ஓடினார்.

"உப்பு எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகலை. அடியில கிடக்கு."

"அப்ப சரி பண்ணது யாரு?"

மடத்தம்மா மெத்தையில் உட்கார்ந்தார். பஞ்சு அமுங்கியது.

"மழை."