மண்ணுருண்டைக் கோலம்

நண்டும் நாரையும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடற்கரை மணலில் வளை தோண்டி வாழும் சிறுநண்டுகள் தனித்தனியாகத்தான் மேயும். ஈர மண்ணை வாயில் அள்ளி, சத்தை உறிஞ்சிக்கொண்டு, சக்கையைக் கண்ட இடத்தில் துப்பிவிட்டுப் போகும். நல்லது கெட்டதுக்கு ஒரு சொல் சொல்வதோடு சரி, பக்கத்து வளையோடு சேர்ந்து எதுவும் செய்வதில்லை.

ஒரு புயலில் பவளாயி என்ற நண்டின் குஞ்சுகள் அத்தனையையும் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் வளைக்குள் இறங்கி, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டாள். உள்ளிருந்து அடைத்த வளையை வெளியிலிருந்து யாரும் திறக்கக் கூடாது என்பது நண்டுகளின் கட்டுப்பாடு.

பக்கத்து வளைக் கொளஞ்சிக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் நின்று ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். ஆறுதலுக்கா பஞ்சம்? வந்த நண்டெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போயின. அடைத்த வாசல் அசையவில்லை. இப்படியே கிடந்தால் பட்டினியில் செத்துப்போவாளே என்று கொளஞ்சி அந்த வாசலை ஒட்டியே மேய்ந்தாள்.

சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. வாயிலிருந்த சக்கையைத் துப்பப் போனவள், துப்பாமல் உருட்டி, பவளாயியின் வாசலில் வைத்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நண்டுகளும் மெல்ல வந்து ஆளுக்கோர் உருண்டை வைத்தன. வரிசை நீண்டு வளைந்தது.

மண் உரசும் சத்தம் கேட்டு, அடைத்த வாசல் லேசாக விலகியது.

"என் வாசல்ல என்னக்கா பண்றீங்க?"

"கோலம் போடுறோம், தாயி," என்றாள் கொளஞ்சி.

பவளாயி வெகுநேரம் பார்த்தாள். "கோணலா இருக்கு."

"எங்களுக்கு வந்தது அவ்வளவுதான். நீ நேராக்கு."

உருண்டை பிடிக்க வேண்டுமென்றால் மண்ணை வாயில் போட்டே ஆகவேண்டும். பவளாயி போட்டாள். கோணல் நிமிர்வதற்குள் அவளை அறியாமலே கொஞ்சம் தீனி உள்ளே போயிருந்தது. கொளஞ்சி அதைக் கவனிக்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள்.

அலை ஏறி வந்து கோலம் முழுவதையும் அழித்துவிட்டது. பவளாயி வாய்விட்டு அழுதாள். குஞ்சுகள் போனதிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

"எல்லாத்தையும் கொண்டு போயிடுதேக்கா."

"கொண்டுதான் போகும்," என்றாள் கொளஞ்சி. "தண்ணி வடியட்டும். எல்லாருமா வைப்போம், வா."

தண்ணீர் வடிந்தபோது முதலில் திறந்தது பவளாயியின் வாசல்தான்.

அன்று முதல்தான் அலை பின்வாங்கிய கரையெங்கும் இந்தச் சிறுநண்டுகள் கூட்டமாக வெளியே வந்து, மண்ணை உருட்டி உருட்டிக் கோலம் போடுகின்றன. அடுத்த அலை அழித்துவிடும் என்று அவற்றுக்குத் தெரியாமல் இல்லை.