கடைசியாக வந்தவர் எழுந்த பிறகு

பிலோமினா டீச்சர் வீட்டு வாசலில் ஒரு திங்கட்கிழமை மாலை ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் வெள்ளிங்கிரி. பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் சைக்கிளில்தான் போவேன் என்று அடம்பிடித்த மனிதர். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

டீச்சர் கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தொட்டுவிட்டது. ஞாயிறு தவறாமல் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு சிறுவாணி ரோட்டில் சைக்கிளில் போய் வருவார். நாற்பதுக்கு மேல் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் அந்த ஊரில் அவர்தான் குரு.

வெள்ளிங்கிரியும் ஒரு காலத்தில் சீடர்தான். அதிக நாள் தாங்கவில்லை. காரணம், டீச்சர் கூட்டத்தில் இருந்த ஒரு சட்டம். எந்த டீக்கடையில் நின்றாலும், கடைசியாக வந்து சேர்ந்தவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் கிளம்ப வேண்டும். கடைசியாக வருகிறவரோ ஆற அமர டீ குடித்து, போண்டா தின்று, பேத்தியின் காதுகுத்து வரை பேசிவிட்டுத்தான் எழுவார். வெள்ளிங்கிரி கடை வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்திக்கொண்டிருப்பார். ஒருநாள், "இது சைக்கிள் ஓட்டறது இல்லீங்க டீச்சர், சாமி ஊர்வலம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதன்பிறகு மனைவி ருக்மணியைக் கூட்டிக்கொண்டு தனியாக ஓட்டினார்.

"உட்காருங்க வெள்ளிங்கிரி. என்னாச்சு?"

"நாய் குறுக்க வந்துருச்சுங்க. தோள்பட்டையில தகடு வச்சிருக்காங்க. கழுத்துல டிஸ்க் விலகிப்போச்சு. இடுப்பும் முன்னே மாதிரி இல்லைங்க."

"ஓட்டலாம்னு சொல்லிட்டாங்களா?"

"ஓட்டலாம், குனியக் கூடாதுங்கறார் டாக்டர். ரேஸ் சைக்கிள்ல குனியாம எப்படீங்க? குனிஞ்சா கை மரத்துப் போகுது. எந்திரிச்சு உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்குது. ஊர்ல இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கிட்டேனுங்க. சிநேகிதங்க சைக்கிளையெல்லாம் வாங்கி ஓட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணும் ஒத்து வரலை."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

"சைக்கிள் ஓட்ட முடியலீன்னா நான் ஒண்ணுமேயில்லீங்க டீச்சர். வலிக்காத சைக்கிள் எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

டீச்சர் யோசித்தார். "வீட்ல வேற சைக்கிளே கிடையாதா?"

"ருக்மணியோடது ஒண்ணு சுவர்க் கொக்கியில தொங்குதுங்க."

"அது எப்படி இருக்கும்?"

பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்த கைகளுக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து அவர் விளக்க ஆரம்பித்தார்.

"சொகுசுன்னா அது சொகுசுங்க. நானே பார்த்துப் பார்த்துச் செஞ்சது. கொஞ்ச தூரம் ஓட்டுனா திணறிப் போவா. என்ன சிரமம்னு கேட்டா, 'சீட்டு'ம்பா. அடுத்த வாரமே மெத்துமெத்துன்னு சீட்டு மாத்துனேன். அப்புறம் ஒருநாள் 'ஹேண்டில்'ன்னா. நிமிர்ந்து உட்கார்ற மாதிரி தூக்கி வச்சேன். 'கியர்'ன்னா. சுவர்ல கூட ஏறலாம், அப்படிக் கியர் போட்டேன். பெல் வேணும்னா. ரேஸ் சைக்கிளுக்கு யாராச்சும் பெல் வைப்பாங்களா? அதையும் வச்சுக் கொடுத்தேன். எதுக்கும் இல்லைன்னு சொன்னதில்லீங்க."

"பிறகு ஏன் விட்டுட்டாங்க?"

"அதுதான் இன்னைக்கு வரைக்கும் புரியலை. உடம்புக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டா."

"நீங்க வேகக்காரராச்சே. அவங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களோ?"

"சேச்சே. ஒவ்வொரு டீக்கடையிலயும் காத்திருப்பேனுங்க. ஒரு நாளும் விட்டுட்டுப் போனதில்லை."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலையில அந்தச் சைக்கிளை எடுத்துட்டு வாங்க. நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்."

வீட்டுக்குப் போய் வெள்ளிங்கிரி சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினார். தோள் வலித்தது. ருக்மணி சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து பார்த்தாள். காதில் ஏதோ கோளாறாகி அவளுக்குத் தலைசுற்றல் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி அவள் ஆசைப்பட்டாலும் சைக்கிளில் ஏற முடியாது.

"எடுத்துக்கட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"எடுத்துக்கங்க. சும்மாதானே தொங்குது."

பெல்லின் மேலிருந்த தூசியை அவள் முந்தானையால் துடைத்தாள். அது லேசாக ஒலித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பேரூர் தாண்டியதும் வெள்ளிங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயும் வலி இல்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது. கை மரக்கவில்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. இத்தனை நாள் ஊரெல்லாம் தேடிய சைக்கிள் சொந்த வீட்டுக் கொக்கியில் தொங்கியிருக்கிறது. தன் சைக்கிளில் போனபோதெல்லாம் முன்சக்கரத்தையும் தார் ரோட்டையும்தான் பார்த்திருக்கிறார். இதில் உட்கார்ந்தால் தென்னந்தோப்பும் மலையும் தெரிந்தன.

வெகு தூரத்தில் டீச்சரின் முதுகும் தெரிந்தது.

டீச்சருடையது இறகு மாதிரி லேசான சைக்கிள். இதுவோ சொகுசானது, சொகுசுக்கு ஏற்ற கனமும் உண்டு. வெள்ளிங்கிரி மிதித்துப் பார்த்தார். முதுகு சின்னதாகிக்கொண்டே போய் ஒரு திருப்பத்தில் மறைந்தது.

மாதம்பட்டி டீக்கடையில் டீச்சர் குடித்து முடித்த டம்ளர் பெஞ்சு மேல் இருந்தது. வெள்ளிங்கிரி வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் டீச்சர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார்.

"வந்துட்டீங்களா. சைக்கிள் எப்படி?"

எவ்வளவோ சொல்ல ஆசைப்பட்டார். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தார். நெஞ்சு மேலும் கீழும் போனதில், "நல்லா" என்பது மட்டும் வெளியே வந்தது.

"அப்பச் சரி, போலாம்." டீச்சர் கிளம்பிவிட்டார்.

அடுத்து ஆற்றுப் பாலம். டீச்சர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வேர்வையே இல்லை. வெள்ளிங்கிரியைக் கண்டதும் எழுந்தார்.

"என்ன வெள்ளிங்கிரி, சிரமமா இருக்கா?"

கொஞ்சம் உட்கார விடுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன், கூடவே வாருங்கள், அந்த முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு என்னால் வர முடியாது. இதெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"சீட்டு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சீட்டு இலவம்பஞ்சு மாதிரி இருந்தது.

"அதுக்கென்ன, மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

அதற்கப்புறம் மேடு. காற்றும் எதிர்க்காற்று. முன்னால் போகிறவரைக் கூப்பிடக் குரல் எழவில்லை. கட்டைவிரலில் பெல் தட்டுப்பட்டது. அடித்தார். டீச்சர் திரும்பவில்லை. மறுபடி அடித்தார். காற்று அதைப் பின்பக்கமாகவே கொண்டு போயிற்று. மூன்றாம் முறை அடிக்கப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. இந்த பெல்லை ருக்மணி எதற்குக் கேட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் இறங்கிவிட்டார். ஒரு பாக்குத் தோப்பின் ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் திரும்பி வந்தார். அவரைப் பார்த்ததும் வெள்ளிங்கிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதையும் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது.

"உங்க சட்டம்... எங்க போச்சுங்க டீச்சர்? கடைசியா வந்தவங்க... எந்திரிச்ச பிறகுதானே கிளம்பணும்?"

"நான் விட்டுட்டுப் போகலையே வெள்ளிங்கிரி. டீக்கடையில காத்திருந்தேன். பாலத்துலயும் காத்திருந்தேன்."

வெள்ளிங்கிரி பதில் சொல்ல வாயெடுத்தார். நேற்று அதே வார்த்தைகளை அவரே சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்து ஞாயிறுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் டீ குடித்து, பேப்பர் படித்து, வேர்வை உலர்ந்து உட்கார்ந்திருப்பார். ருக்மணி திருப்பத்தில் தெரிந்ததும் எழுந்து தயாராக நிற்பார். அவளைக் காக்க வைக்கக் கூடாது என்று. அதை அன்பு என்றே நம்பியிருந்தார். அத்தனை கடைகளில் ஒன்றிலாவது அவள் உட்கார்ந்து டீ குடித்ததாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. இனி எந்தச் சீட்டை மாற்றினாலும் அவள் வர முடியாது.

டீச்சர் தன் சைக்கிளையும் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுவதாகத் தெரியவில்லை. வெள்ளிங்கிரியின் மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"நான் மாத்தாத சாமானில்லீங்க டீச்சர்" என்றார் வெள்ளிங்கிரி. "அவ சொல்லியிருக்கலாமே."

டீச்சர் அந்தச் சீட்டையும், உயர்த்தி வைத்த ஹேண்டிலையும், பெல்லையும் பார்த்தார்.

"சொல்லியிருக்காங்க வெள்ளிங்கிரி. மூச்சு இருந்த மட்டும் சொல்லியிருக்காங்க."