முதல் வெத்தலை

ரொம்ப ரொம்ப முந்தி, வெண்குன்றூர்னு ஒரு சீமையை கொற்றவேலன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தார். நல்ல மனுசன்தான். ஆனா எப்ப எது தோணும்னு அவருக்கே தெரியாது. காக்காய்க்கு வரி போடலாமான்னு ஒருநாள் சபையில கேட்டார்.

அந்த சபையில சடங்கு அதிகாரி நாகலிங்கத்தார். எந்தப் பூஜைக்கு எந்தப் பூ, யார் எங்கே உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், எல்லாம் அவர் சொன்னபடிதான். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு காட்சி மட்டும் கண்ணுல முள்ளா குத்தும்.

தினம் சபை கூடினதும் வெத்தலைத் தட்டு வரும். ராஜா தன் கையாலயே அடியில துழாவி ஒரு சுருளை எடுத்து மந்திரி உலகநம்பிக்குக் கொடுப்பார். மந்திரி மெல்லுவார். ஓதுவார் ஒரு பாட்டு முழுசா பாடுவார். பாட்டு முடிஞ்சதும் ராஜா, "நம்பி, சுகமா?"ன்னு கேப்பார். "சுகம் மகாராஜா"ன்னு மந்திரி சொல்வார். அப்புறம்தான் ராஜா தனக்கு ஒண்ணு எடுப்பார். தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம்.

நாகலிங்கத்தார் ஒரு தடவை காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சு வந்தப்போகூட ராஜா அவரை சுகமான்னு கேக்கல. வீட்டுக்குப் போனா பொஞ்சாதி செங்கமலம் விடமாட்டா.

"என்னங்க, இன்னிக்கும் 'சுகமா'ங்கிற கேள்வி அந்த மந்திரிக்குத்தானா?"

"சோத்தைப் போடு."

"அவருக்குச் சபை நடுவுல வெத்தலை. உங்களுக்கு நான்தான் மடிச்சுத் தரணும். அதுலயும் சுண்ணாம்பு ஜாஸ்தின்னு சொல்லுவீங்க."

ஒருநாள் மேற்குமலை ராஜா கிட்டேருந்து ஒரு கூடை வெத்தலை வந்துச்சு. பழைய பகையெல்லாம் மறந்தாச்சு, இது சமாதானக் காணிக்கைன்னான் தூதுவன். ஒருவாய் சோறு தின்னுட்டுப் போப்பான்னு சொல்லியும் நிக்காம குதிரையேறிப் போயிட்டான். மறுநாள் சபைத் தட்டுல அந்த வெத்தலைதான் இருந்துச்சு.

நாகலிங்கத்தாருக்கு அன்னிக்குப் பொறுக்கல. எந்திரிச்சார்.

"மகாராஜா, முதல் வெத்தலை ஆதியில எங்க குடும்பத்துக்குத்தான். எங்க கொள்ளுத்தாத்தா வாங்கியிருக்கார். நடுவுல எவனோ மாத்திட்டான்." கொள்ளுத்தாத்தாவுக்கு வெத்தலையே ஆகாதுங்கிறது வேற விசயம்.

ராஜாவுக்கு விளையாட்டு கிடைச்சிருச்சு. "சரி. அந்த வழக்கம் எதுக்கு வந்துச்சுன்னு யார் சரியா சொல்றீங்களோ, அவருக்கே முதல் வெத்தலை. நம்பி, என்ன சொல்றே?"

"பெரியவரே வாங்கிக்கட்டும் மகாராஜா. இன்னிக்கு ஒருநாள் மட்டும் நான் வாங்கிக்கிறேன். நாளைலேருந்து அவர்."

"பாத்தீங்களா, விட மனசு வரல"ன்னார் நாகலிங்கத்தார்.

அப்புறம் அவர் பேச ஆரம்பிச்சார். வெத்தலையில லட்சுமி, பாக்குல சரஸ்வதி, சுண்ணாம்புல பார்வதி. மூணு பேரையும் தன் கையாலயே எடுத்து மனசுக்குப் பிடிச்சவனுக்கு ராஜா கொடுக்கிறார், அதுதான் பெரிய மரியாதைன்னு முடிச்சார். சபை தலையாட்டுச்சு. ராஜாவுக்கு உச்சி குளுந்துபோச்சு. மந்திரியைக் கேக்காமலேயே ஒரு சுருளை எடுத்து நாகலிங்கத்தார் கையில கொடுத்துட்டார். அவர் மந்திரியைப் பாத்துக்கிட்டே வாயில போட்டார். ஓதுவார் பாட்டை எடுத்தார்.

"இப்ப நீ சொல்லு நம்பி, உன் காரணம் என்ன?"

"மகாராஜா, மரியாதைன்னா மேலே இருக்கிற நல்ல சுருளைத்தானே கொடுக்கணும்? நீங்க ஏன் அடியில துழாவி எடுக்கிறீங்க?"

"எங்கப்பா அப்படித்தான் எடுப்பார்."

"பாட்டு முடியிற வரைக்கும் நீங்க ஏன் மெல்லாம உக்காந்திருக்கீங்க?"

"எங்கப்பா அப்படித்தான் உக்காந்திருப்பார்."

"எதிர்லயே குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனை சுகமான்னு ஏன் கேக்குறீங்க?"

ராஜா வெத்தலைத் தட்டைத் திரும்பிப் பாத்தார்.

"விஷம்னா வேலை செய்ய ஒரு பாட்டு நேரம் வேணும் மகாராஜா"ன்னார் மந்திரி.

நாகலிங்கத்தார் மெல்லுறதை நிறுத்திட்டார். கன்னம் ஒருபக்கம் புடைச்சு நின்னுச்சு. மேற்குமலைத் தூதுவன் குதிரையேறின வேகம் ஞாபகம் வந்துச்சு. முழுங்கப் பயம். துப்பலாம்னா, ராஜா மெல்லுறதுக்கு முந்தி துப்பினவன் தலை போகும். அந்தச் சட்டத்தை வருசாவருசம் சபையில படிக்கிறதே அவர்தான். ஓதுவாரோ அன்னிக்குன்னு பாத்து ஒவ்வொரு அடியையும் ரெண்டு ரெண்டு தடவை பாடினார்.

பாட்டு ஒருவழியா முடிஞ்சது. சபையே எட்டிப் பாக்குது. ராஜா குனிஞ்சு, "நாகலிங்கத்தாரே, சுகமா?"ன்னு கேட்டார்.

எத்தனை வருசம் ஏங்கின வார்த்தை. மனுசன் மேல்துண்டை எடுத்து அத்தனையையும் அதுல துப்பிட்டார்.

யாரும் சிரிக்கல. ராஜா முகம் அப்படி இருந்துச்சு. மந்திரி எந்திரிச்சுப் போய், அதே தட்டுல அடியிலிருந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டு நிதானமா மென்னார். இன்னொரு பாட்டு முடிஞ்சது. இந்தத் தடவை ராஜா எந்திரிச்சு மந்திரி பக்கத்துலயே வந்து கேட்டார்.

"நம்பி, சுகமா?"

"சுகம் மகாராஜா. பாக்குதான் கொஞ்சம் முத்தல்."

"இத்தனை வருசமும் தெரிஞ்சேவா வாங்கினே?"

"யாராவது ஒருத்தர் தெரிஞ்சு வாங்கணுமே."

"இவர் தலையை என்ன பண்ணலாம்?"

"விடுங்க மகாராஜா. சுகமான்னு கேட்டீங்க, அவர் உள்ளதைச் சொன்னார்."

இப்பத்தான் சபை சிரிச்சுது. ராஜா நாகலிங்கத்தாரைக் கடைசி வரிசையில போய் உக்காரச் சொன்னார். அப்புறம் ஒரு சுருளைப் பிரிச்சு ரெண்டாக் கிழிச்சு, பாதியை மந்திரிக்குக் கொடுத்து, பாதியைத் தன் வாயில போட்டுக்கிட்டார்.

"ஒண்ணா மென்னா வழக்கம் எதுக்கு மகாராஜா?"ன்னார் மந்திரி.

"வழக்கம் இருக்கட்டும். இன்னிலேருந்து இது நிசமாவே மரியாதை."

ராஜாவும் மந்திரியும் பாதிப்பாதியா மெல்லுறதை நாகலிங்கத்தார் கடைசி வரிசையிலிருந்து பாத்தார். பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சது. துப்புறதுக்கு முந்தி கொஞ்சம் சாறு உள்ளே போயிருந்ததால, விஷந்தானோன்னு ஒரு நிமிசம் பயந்தே போயிட்டார்.